காற்றுக்கு என்ன காசு

கேள்வி முடிய முன்னமே விடை சொல்லுகிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் பௌதிகம் படிப்பித்தேன். முன்வாங்குப் பிள்ளை கையை உயர்த்தும்போது நான் கரும்பலகையில் விடையை எழுதி அடிக்கோடும் போட்டிருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வேண்டும் போல இருக்கிறது, ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் விடைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி. மிச்சம் இருக்கிற அந்த ஒன்றைப் பற்றித்தான் இது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் என் மனிசனும் ஒக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இவருக்கு ஒரு கட்டிடக் கம்பெனியில் படம் கீறுகிற வேலை. என் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டு, அதுவரை நான் விரி என்ற இடத்தில் ஒரு காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் நின்றேன். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், பின்னேரம் இரண்டரைக்கு முடியும். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பசை இயந்திரம் ஏன் அடிக்கடி அடைக்கிறது என்று போர்மனுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் முதலில் முறைத்தார், பிறகு நான் சொன்னபடியே செய்தார், அடைப்பு நின்றது. இப்படி எல்லா இடத்திலும் சரியாக வந்தால் ஒரு மனுஷிக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் மோர்ட்கேஜ் எடுத்து ஒரு பழைய மரவீடு வாங்கியிருந்தோம். எங்களுக்கு விற்ற வெள்ளைக்காரக் கிழவர் சாவியைத் தருமுன் எங்களைக் குனிய வைத்து வீட்டுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். ஃபேர்னஸ் என்றார். அதற்குள் காஸில் எரியும் ஓர் அடுப்பும், அந்தச் சூட்டை ஊதித் தள்ள ஒரு விசிறியும் இருந்தன. அங்கிருந்து தகரக் குழாய்கள் தரைக்கு அடியால் ஒவ்வோர் அறைக்கும் போகும். அறையின் மூலையில், தரையில், ஒரு சாண் அகலத்தில் கம்பிச் சல்லடை. அதன் வழியாகச் சூட்டுக் காற்று மேலே வரும். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒன்று இல்லை. மற்றவர்கள் ஒரு ஹீற்றரை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை.

கொரிடோர்ச் சுவரில் இரண்டு சுவிட்ச். ஒன்று அடுப்புக்கு. மற்றது விசிறிக்கு, அதில் ஓட்டோ, ஒன் என்று இரண்டு நிலை. ஓட்டோவில் விட்டால் அடுப்பு எரியும்போது மட்டும் விசிறி ஓடும். ஒன்னில் விட்டால் அடுப்பு எரிந்தாலென்ன, எரியாவிட்டாலென்ன, அது தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். காஸ் விலையான சாமான் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அடுப்பை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் எரியவிட்டு நிறுத்திவிடுவோம். விசிறியைப் பற்றி ஆரும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் பீஜி இந்தியரின் கடை ஒன்றில் நல்ல பச்சைமிளகாய் மலிவாக வந்திருந்தது. நான் இரண்டு கிலோ வாங்கி, கீறி, உப்பும் தயிரும் போட்டு ஊறவைத்தேன். மோர்மிளகாய்க்கு வெயில் வேண்டும். ஒக்லாந்தில் குளிர் தொடங்குகிற ஏப்ரல் மாதத்து வெயிலை நம்பி மிளகாய் காயப்போடுகிற ஆளுக்கு என்ன பெயர் சொல்வது? அந்தக் கிழமை எங்களுக்கு லீவு, காலையில் வெளியே வைப்பேன், பத்து மணிக்கு மழை தூறும், இவர் ஓடிப்போய்த் தட்டைத் தூக்குவார். மூன்றாம் நாள் மிளகாயில் ஒரு மணம் வரத் தொடங்கியது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. விசிறிச் சுவிட்சை ஒன்னில் போட்டேன், ஒவ்வோர் அறைச் சல்லடைக்கு மேலும் ஒரு தட்டு மிளகாயை வைத்தேன். நாலு நாளில் சருகு மாதிரிக் காய்ந்தது.

இவர் ஒருக்கால் கேட்டார், கரண்ட் கூடாதோ என்று. நான் சிரித்தேன். “விசிறிதானே. காத்துக்கு என்ன காசு?” என்றேன். எங்கள் வீடுகளில் சீலிங் ஃபேன் விடிய விடிய ஓடும், பகல் முழுக்க ஓடும், அதனால் பில் ஏறினதென்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. விசிறி என்றால் எனக்கு அதுதான். வீட்டுக்கு அடியில் இருக்கிற இந்த விசிறி ஆறு அறைக்குக் காற்றை ஊதித் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று யோசிக்க ஒரு பௌதிக ரீச்சருக்கு அரை நிமிடம் காணும். அந்த அரை நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

மிளகாய் முடிந்த பிறகும் சுவிட்ச் ஒன்னிலேயே இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கிறது குறைந்துவிட்டது. கழுவின உடுப்பைக் கதிரையில் விரித்துச் சல்லடைக்குக் கிட்ட வைத்தால் காய்ந்தது. நான் இவருக்கு ஈரப்பதன் பற்றி ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். பிறகு விசிறியை மறந்துபோனோம். ஹூம் என்று ஒரு சத்தம், நாளைக்கு இருபத்துநாலு மணித்தியாலமும். ஒரு கிழமையில் அது காதுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்போது எங்களுடன் இவருடைய தங்கச்சி இருந்தாள். எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள். ஊரில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்ததால், ஆறு மாதக் கர்ப்பத்தோடு அவளை இவர் கூப்பிட்டுவிட்டார். அவளுடைய மனிசன் கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். நல்ல பிள்ளை, ஆனால் கேட்கத் தெரியாத பிள்ளை. சோறு போட்டால் சாப்பிடுவாள். இன்னும் போடட்டோ என்றால் “காணும் மச்சாள்” என்பாள். கறியில் உப்புக் குறைந்தால் குறைந்தபடியே சாப்பிட்டு எழும்புவாள். குளிருதோ, போர்வை காணுமோ, தலையணை சரியோ என்று எதைக் கேட்டாலும் அதே காணும், போதும் என்கிற அந்த ஒரு சொல்தான். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாள் முழுக்கப் பெட்டி மடித்துவிட்டு வருகிறவளுக்கு, ஒன்றும் கேட்காத ஆள் வீட்டில் இருந்தால் நல்லதுதானே.

ஜூன் தொடக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். நான் காயச்சரக்கு அரைத்துக் கறி வைத்தேன், உள்ளி அவித்துக் கொடுத்தேன். குளிப்புத்தான் முக்கியம். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை பெற்ற பச்சை உடம்பென்றால் முப்பத்தொரு நாளைக்கும் நல்ல கொதிதண்ணியில் இலை போட்டு, முதுகிலும் இடுப்பிலும் சுடச்சுட ஊற்ற வேண்டும். நொச்சிக்கும் பாவட்டைக்கும் இங்கே எங்கே போவது? இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்குக்குப் போய் யூக்கலிப்டஸ் இலையை ஒரு கட்டாக முறித்துக்கொண்டு வந்து, உடுப்புத் தோய்க்கிற அறையில் ஆணியில் கொழுவிவிடுவார். அவள் காலை பத்து மணிக்கு, நான் விரியில் நிற்கிற நேரத்தில், பைப்பில் சுடுதண்ணியைப் பிடித்து மூன்று வாளி குளிப்பாள்.

உண்மையில் அந்தத் தண்ணியைத் தானே ஊற்றிக் குளிக்கிறதில்லை. தாயோ மாமியோ நின்று ஊற்றிவிட வேண்டும். அவளின் தாய் யாழ்ப்பாணத்தில். நான் ஒருநாள், பின்னேரம் வந்து ஊற்றட்டோ என்று கேட்டேன். நீங்கள் களைத்து வாறியள், வேண்டாம் என்றாள். நானும் விட்டுவிட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

பிள்ளைக்குப் பன்னிரண்டு நாளாகியிருந்தபோது கரண்ட் பில் வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து அவள் அறைக்குப் போய்விட்டாள். இவர் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, பில்லை மேசையில் விரித்து வைத்தார். முன்பு வந்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இவர் பில்லென்றால் அடியில் இருக்கிற மொத்தத்தை மட்டும் பார்க்கிற மனிசன். வெட்கக்கேடு, அன்றைக்கு நானும் அதை மட்டும்தான் பார்த்தேன். ஏன் இப்படி ஏறினது என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, நான் விடை சொல்லிவிட்டேன்.

“வேறென்ன, சுடுதண்ணிதான். ஒரு வீட்டில கரண்டைத் தின்னுறதே தண்ணி சூடாக்கிறதுதான். உங்கட தங்கச்சி ஒரு நாளைக்கு மூண்டு வாளி ஊத்துறா, இதில அதிசயம் என்ன கிடக்கு?”

இவர் பில்லைத் தன் பக்கம் இழுத்தார். பச்சை உடம்பல்லோ, எப்படி அவளிடம் சொல்வது என்றார். நான் சொல்லச் சொல்லவில்லை, காரணத்தைத்தான் சொன்னேன் என்றேன். அதுதான் உண்மையும். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை, கட்ட மாட்டேன் என்றும் இல்லை. கேள்வி இருந்தது, விடை கொடுத்தேன். பில்லை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் என் கண்ணுக்குச் சிலது பட்டது. அவள் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். காதைச் சுற்றித் துண்டு. விரல் நுனியெல்லாம் வெளிறிக் கிடந்தது. ஒருநாள் இருமினாள். நான் இதற்கும் உடனே விடை வைத்திருந்தேன். ஒக்லாந்துக் குளிர் ஈரக் குளிர், எலும்புக்குள் போகும், நல்லாகச் சாப்பிட்டால் சரி என்று சொல்லி இன்னொரு அகப்பை சோறு போட்டேன். காணும் மச்சாள் என்றாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே என்னிடம் சொன்னார், தங்கச்சி போகப் போகிறாளாம் என்று. ரானுயி என்ற இடத்தில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் படித்த ஓர் அக்கா இருக்கிறா, கராஜை அறையாக்கி வைத்திருக்கிறா, அதை வாடகை இல்லாமல் தருகிறாவாம். சனிக்கிழமை போகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, ஒருத்தருக்கும் கரைச்சல் கொடுக்க விருப்பமில்லை என்று மட்டும் சொன்னாளாம்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் எரியும். சனிக்கிழமை பிள்ளைக்கு இருபத்திரண்டாம் நாள். முப்பத்தொன்று கழியாமல், துடக்குக் கழியாமல், ஒரு பச்சை உடம்புக்காரி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மச்சாள் வீட்டை விட்டுப் போகிறாள் என்றால் ஆட்கள் என்ன கதைப்பார்கள்? அந்த நாளில் ஒக்லாந்தில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்தாலும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாதி நிரம்பாது, ஆனால் கதை பரப்ப அவ்வளவு பேர் தாராளம். அதைவிட, கராஜ் என்றால் கொங்கிரீட் தரை. ஒரு சின்ன ஹீற்றர். ஜூன் மாதம், இங்கே கடுங்குளிர். அந்தப் பிள்ளையின் நெஞ்சு என் உள்ளங்கை அளவு.

மறியுங்கோ என்று இவரிடம் சொன்னேன். மறித்துப் பார்த்தாராம், அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாளாம். நானே போய்க் கேட்டேன். அங்கே பஸ் வசதி, ஆஸ்பத்திரி கிட்ட, என்று ஏதோ சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது, அன்றைக்கு நாங்கள் பில்லைப் பற்றிக் கதைத்தது இவளுக்குத் தெரியுமோ என்று. கதவு சாத்தியிருந்தது. இவர் சொல்லியிருக்கமாட்டார். அப்படித் தெரிந்தாலும் நான் சொன்னதில் என்ன பிழை? சுடுதண்ணிக்குக் கரண்ட் போகும் என்பது உலகத்துக்கே தெரிந்த விசயம்.

என் புத்தி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். அவள் போகாமல் இருக்க வேண்டுமென்றால், நான் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை, கணக்கில்தான் சொன்னேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன். இத்தனை வாளிக்கு இத்தனை யூனிட், இதை நான் கட்டுகிறேன், நீர் பேசாமல் இரும் என்று சொல்லலாம். அதற்குச் சரியான எண் வேண்டும். சனிக்கிழமை காலை இவர் சிநேகிதர் ஒருவரின் வானை இரவல் வாங்கப் போனார். தொட்டிலையும் பெட்டிகளையும் அதில் ஏற்றிக்கொண்டு பத்தரைக்குப் போகிறதாக ஏற்பாடு. அந்த நேரத்துக்குள் நான் பில்லையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, கையில் மணிக்கூடும் கட்டிக்கொண்டு, பின்கதவுச் சுவரில் இருந்த மீற்றர்ப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு மீற்றர். இத்தனை நாள் அந்த வீட்டில் இருந்தும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஒன்றுக்குக் கீழே, சுடுதண்ணிக்கு மட்டும் என்று ஒரு தகடு. மற்றது வீட்டின் மற்றெல்லாவற்றுக்கும். பில்லைப் பார்த்தேன். மொத்தத்துக்கு மேலே அதிலும் மீற்றருக்கு ஒன்றாய் இரண்டு வரி. சுடுதண்ணி வரி வழமைபோல, முன்பு வந்ததோடு ஒரு பொட்டு வித்தியாசம். ஏறினது மற்ற வரி.

நான் உடனே என்ன நினைத்தேன் தெரியுமோ? கரண்ட் கந்தோர்க்காரர் வரியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் விடை பிழை என்று நினைக்க முன்னம் ஒரு முழுக் கந்தோரையே பிழை ஆக்கிவிட்டேன். பில்லின் எண்களை மீற்றரோடு ஒப்பிட்டேன். கந்தோர் சரி.

மீற்றருக்குள் ஒரு வெள்ளித் தட்டு இருக்கும், விளிம்பில் கறுப்புக் கோடு, கரண்ட் போகப் போகச் சுற்றும். சுடுதண்ணி மீற்றரின் தட்டு அசையாமல் நின்றது. மற்றது விறுவிறு என்று சுற்றியது. வீட்டில் ஒரு லைட் இல்லை, அடுப்பு இல்லை. உள்ளே போய் ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு வந்தேன். அப்படியே சுற்றிக்கொண்டு நின்றது. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு சுற்றுக்கு எத்தனை செக்கன் என்று எண்ணினேன். பிறகு பக்கத்தில் இருந்த பீங்கான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதலாவது, இல்லை. இரண்டாவது, இல்லை. நாலாவதைப் பிடுங்கினவுடன் தட்டு மெதுவாகி நின்றது. வீட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று இறங்கி இறங்கிச் சத்தம் ஓய்ந்தது. எனக்கு அந்தச் சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரலில் என் கையால் ஒன்னில் போட்ட சுவிட்ச்.

பில்லின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்துக் கணக்குப் போட்டேன். விசிறி மணிக்கு அரை யூனிட். நாளைக்குப் பன்னிரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு எழுநூறுக்கு மேல். அதற்குக் கீழே மற்றக் கணக்கையும் போட்டேன், பில் வந்த அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய கணக்கு. மூன்று வாளி, நாற்பது லீற்றர், முப்பத்தைந்து பாகை சூடாக்கினால் நாளைக்கு இரண்டு யூனிட்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. பில்லைத் திருப்பினேன். மேல் மூலையில் மீற்றர் வாசித்த திகதி இருந்தது. அன்றைக்குப் பிள்ளை பிறந்து இரண்டாம் நாள். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். இந்த வீட்டில் ஒரு வாளி தண்ணிகூட அவள் குளிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

அந்த இடத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நான் படிப்பித்த பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

உள்ளே பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. ஓடினேன். மச்சாளின் கட்டிலில் சூட்கேஸ் பூட்டினபடி இருந்தது. பக்கத்தில், என் தொழிற்சாலையில் இருந்து நான் கொண்டுவந்த பெட்டி ஒன்றில் பிள்ளைக்குக் கட்டுகிற நப்பித் துணிகள் வடிவாக அடுக்கியிருந்தன. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். பால் கொடுத்தாயிற்று, நப்பியும் மாற்றியாயிற்று, ஆனால் நிறுத்துகிறாளில்லை என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சத்தம் நின்றுவிட்டது, அதுதான் போல, வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதானே நித்திரை கொள்ளுகிறாள் என்றாள்.

நான் திரும்பி ஓடிப்போய் ஃபியூஸை மாட்டினேன். பன்னிரண்டு யூனிட்டும் போனால் போகட்டும். ஹூம் என்று தொடங்கியது. நான் அறைக்குத் திரும்பி வருமுன் அழுகை விக்கலாகிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த விசிறி ஓடினது, தெரிந்தே ஓடவிட்டோம், அதற்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் நின்றேன். இன்றைக்கு யாராவது என்னிடம் ஃபேர்னஸ் விசிறியை எந்த நேரமும் ஓடவிடலாமோ என்று கேட்டால், என்ன செலவாகும் என்று எண்ணோடு சொல்வேன், எதற்காக ஓடவிடுகிறீர்கள் என்றும் கேட்பேன்.

மச்சாள் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். நான் வாசலில் நின்றேன். பிழை என்ற சொல்லை நான் என் வாயால் என்னைப் பற்றிச் சொல்லிப் பழக்கமில்லை.

“நான் பிழை விட்டிட்டன்,” என்றேன். “கரண்ட் பில் ஏறினது உம்மட குளிப்பால இல்லை. இந்த விசிறியால. ஏப்ரல்ல நான்தான் இதைப் போட்டனான்.”

அவள் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நான் இப்ப சுடுதண்ணி பிடிக்கிறேல்லை மச்சாள். ஒரு கேத்தில் கொதிதண்ணியைப் பச்சைத்தண்ணியோட கலந்து மேலைக் கழுவுறன். பத்து நாளா.”

குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. என் பாரத்தைக் குறைக்கச் சொல்லுகிற குரல். தான் அதைத் திருத்திவிட்டாளாம், நான் கவலைப்படத் தேவையில்லையாம்.

“ஆர் உமக்குச் சொன்னது?” என்று கேட்டேன்.

அவள் கால் விரலால் தரைச் சல்லடையைத் தொட்டுக் காட்டினாள். “இதுக்குள்ளால எல்லாம் கேக்கும்.”

குசினியிலும் ஒரு சல்லடை உண்டு, மேசைக்குக் கீழே. கதவைச் சாத்திவிட்டு, என் காலடியில் இருந்த குழாய்க்குள்ளேயே நான் கதைத்திருக்கிறேன். ஆறு அறைக்கும் நான் அனுப்பின காற்றோடு அந்தப் பேச்சும் போயிருக்கிறது. இரண்டு ஸ்வெட்டரும், காதைச் சுற்றின துண்டும், வெளிறின விரலும் எனக்கு இப்போது விளங்கின. எனக்கு அழுகை வந்தது. நான் லேசில் அழுகிற ஆள் இல்லை, கட்டுநாயக்காவில் பிளேன் ஏறும்போதுகூட அழவில்லை. அன்றைக்கு அவளின் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோய், ஐயோ வேண்டாம் மச்சாள், எனக்கு ஒன்றுமில்லை, காணும் என்றாள்.

அந்தக் காணும் என்ற சொல்லை அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. வாரும் என்று அவள் கையைப் பிடித்தேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் போன ஞாயிறு கொண்டுவந்த இலைக்கட்டு ஆணியில் அப்படியே தொங்கியது. ஓர் இலைகூட முறிக்கப்படாமல், என் மோர்மிளகாய் மாதிரிச் சருகாகக் காய்ந்து. அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து வாளியை நிரப்பி இலையைப் போட்டேன். காய்ந்த இலைதான், ஆனால் தண்ணி பட்டவுடன் மணம் எழும்பிக் கண்ணைக் கரித்தது. அவளை ஒரு சின்ன முக்காலியில் இருத்தினேன். முதுகு எலும்பு ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருந்தது. நான் போட்ட சோறெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

முதல் வாளியை இடுப்பில் ஊற்றினேன். அவள் உடம்பு ஒருமுறை உதறியது. இரண்டாவதை முதுகில், தோள்மூட்டில், மெல்ல மெல்ல. அவள் கையை முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். மூன்றாவது வாளி பாதியில் வெளியே வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. இவர் ஹோர்ன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டேன். இன்னொருக்கால் அடித்தார். பிறகு வாசற்கதவு திறந்தது, கொரிடோரில் காலடி வந்தது, குளியலறைக் கதவுக்கு வெளியே தண்ணி ஊற்றுகிற சத்தத்தைக் கேட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காலடி திரும்பி அறைக்குப் போனது. சூட்கேஸைக் கட்டிலில் இருந்து இறக்கி அலுமாரிக்கு மேல் வைக்கிற சத்தம் தரைச் சல்லடையால் எங்களுக்கு வந்தது. இவரும் அப்படி ஒன்றும் விளங்காத மனிசன் இல்லை.

மூன்றாவது வாளியும் முடிந்தது. அவள் தோளெல்லாம் சிவந்து ஆவி பறந்தது. நான் துவாயை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டு, பழக்கத்தில், காணுமோ என்று கேட்டேன். கேட்டுவிட்டு, என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அவள் நிமிரவில்லை.

“காணாது மச்சாள்,” என்றாள். “இன்னொரு வாளி ஊத்துங்கோ.”

நான் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டேன்.